பதினான்கு அழைப்புகள்

எங்கள் லாரி தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்பு, சாலையோரம் நின்றிருந்த மற்றொரு லாரியின் பின்புறத்தில் மோதியபோது அதிகாலை மூன்றரை மணி. 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. அந்த நேரத்தில் நாங்கள் தஹஜ்ஜுத் தொழுகைக்காக விழித்திருந்தோம் என்று எழுத ஆசைதான். வெங்காய விலைக்காக விழித்திருந்தோம்.

திருச்சியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வெங்காய மண்டி இருக்கிறது. அத்தா தொடங்கி வைத்ததை அண்ணன் தம்பிகள் மூவர் சேர்ந்து நடத்துகிறோம். அத்தாவின் காலத்தில் வாடகை லாரிகளில்தான் சரக்கு வந்தது. வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்ததால், சேமிப்பைக் கொண்டு பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கினோம். சில ஆண்டுகள் கழித்து இன்னொன்று. கொடுக்கல் வாங்கலில் நாங்கள் கண்டிப்பானவர்கள் என்ற பெயர் கடைவீதியில் உண்டு. எடையில் குறைக்க மாட்டோம். ஆண்டுதோறும் ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவோம். மதுவைத் தொடுகிறவர் எவ்வளவு திறமையான ஓட்டுநராக இருந்தாலும் எங்கள் வண்டியில் ஏற முடியாது. இவற்றையெல்லாம் இங்கே சொல்வது பெருமைக்காக அல்ல. எங்களை நாங்களே எவ்வளவு நல்லவர்களாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தால்தான் மற்றவை புரியும்.

அந்த ஆண்டின் வெங்காய விலையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகாராஷ்டிராவில் பருவம் தவறிய மழையால் விளைச்சல் அழுகியது. செப்டம்பர் இறுதியில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அப்படியும் நவம்பர், டிசம்பரில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போயிற்று. வலீமா விருந்துக்குத் தயிர்ப் பச்சடி வேண்டுமா என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கூடி ஆலோசித்த காலம் அது. வாங்குகிறவர்களுக்கு அது துன்பம். எங்களைப் போன்ற மண்டிக்காரர்களுக்கோ அது சூதாட்டத்தை ஒத்த பதற்றம். காலையில் இருக்கும் விலை மாலையில் இருக்காது. நம் லாரிக்கு முன்னால் பத்து லாரிகள் வந்து இறங்கிவிட்டால் விலை சரியும். மழையில் நனைந்த வெங்காயம் தார்ப்பாய்க்குள் கூடுதலாக ஒரு நாள் புழுங்கினால் அழுகல் கூடும்.

லாசல்கான் சந்தையிலிருந்து திருச்சிக்கு 1,400 கிலோமீட்டருக்குக் குறையாது. நாசிக், புனே, சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் என்று இந்த ஊர்ப்பெயர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். பதினாறு டன் சுமையோடு போகும் லாரிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி கிடைத்தால் பெரிது. அப்படியானால் 35 மணி நேரம். அதுவும் சக்கரம் சுழலும் நேரம் மட்டும். சாப்பாடு, குளியல், டீசல், சுங்கச்சாவடி வரிசை, மாநில எல்லைச் சோதனை, உறக்கம் எதுவும் அந்த 35இல் சேராது.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. புதன்கிழமை காலை எட்டு மணி விற்பனைக்கு அது மண்டியில் நிற்க வேண்டும் என்றோம். இடையில் இருப்பது 40 மணி நேரம். நாற்பதில் முப்பத்தைந்து போனால் எவ்வளவு மீதி என்ற கழித்தலை அன்று நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் கணக்கு வேறு விதமாக ஓடியது. கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினாலும் பதினாறு டன்னுக்கு 1,60,000 ரூபாய் போய்விடும். ஆகவே ஓட்டுநரிடம், "புதன் காலையில வண்டி வந்துட்டா உங்களுக்குத் தனியா ஆயிரத்தைநூறு ரூபா தர்றோம்ணே" என்று சொன்னோம். அதைத் தாராளம் என்றுதான் நினைத்தோம். அவரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவருக்கு, உறங்கும் நேரம் சம்பளமில்லாத நேரம். மாதத்துக்கு ஒரு நடை குறைந்தால் அந்த மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றுவிடும். இந்த நிலையில் இருப்பவரிடம், விருப்பமிருந்தால் செய்யுங்கள் என்று சொல்வதற்கு என்ன பொருள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எங்களிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். நாமக்கல் பக்கத்து ஊர்க்காரர். வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் "டிரைவர் மாமா". பெருநாளன்று குடும்பத்தோடு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு திரும்ப வருவார். அவருடன் கிளீனராக இருந்த தம்பிக்கு இருபது வயது. ஓட்டுநராகிவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தம்பியின் கனவு. தனக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடியை இரவிலும் கழற்றாமல் நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும்.

செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் அழைக்கத் தொடங்கினோம். ஒருவர் அழைத்தது மற்றவருக்குத் தெரியாது. மூத்தவர் மண்டியிலிருந்து, அடுத்தவர் வீட்டிலிருந்து, இளையவர் மாமனார் வீட்டிலிருந்து. "எங்கண்ணே வர்றீங்க?" இது ஒன்றுதான் கேள்வி. ஒரு நிமிடம்கூட ஆகாத பேச்சு. கடைசி அழைப்பு 3.12க்கு. "தொப்பூர் வரப்போகுது முதலாளி. வந்துருவேன்" என்றார். பதினெட்டு நிமிடம் கழித்து அவருடைய இமைகள் மூடின.

தொப்பூர் வழியாகப் போனவர்களுக்கு அந்த இறக்கம் தெரியும். தருமபுரியிலிருந்து சேலத்தை நோக்கி வருகையில் மலைக்கு நடுவே சாலை சரிந்து கொண்டே போகும். அங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரிகள் முன்னால் போகும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் வரிசையாக நசுக்கிய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். இன்னும் சில கிலோமீட்டர் தாண்டி அந்தக் கண் மூடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இப்போதும் எங்களை நடு இரவில் எழுப்பிவிடுகிறது. அல்லாஹ் காப்பாற்றினான் என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. வண்டியின் இடப்பக்கம் முழுவதும் உள்ளே நொறுங்கியிருந்தது. இடப்பக்கம்தான் கிளீனர் அமர்ந்திருந்தார்.

விடிந்ததும் எங்களுக்கு முதலில் வந்தது ஒரு காணொளி. சாலையில் சிதறிக் கிடந்த வெங்காயத்தை மக்கள் பைகளிலும் துண்டுகளிலும் அள்ளிச் செல்வதை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார். பின்னணியில் எங்கள் லாரி. அந்தத் தம்பி எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தி அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தது.

தருமபுரி அரசு மருத்துவமனையில் ஓட்டுநர் தலையில் தையலோடும் விலா எலும்பு முறிவோடும் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "சரக்கு எவ்வளவு போச்சு முதலாளி?" என்பது. கிளீனர் தம்பியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. ஓட்டுநரின் செல்பேசியை ஒரு காவலர் எங்களிடம் கொடுத்தார். திரையில் அன்றிரவு வந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தோம். பதினான்கு. எல்லாம் எங்கள் மூவரின் எண்கள்.

மோதப்பட்ட லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆந்திரப் பதிவெண் கொண்டது. அதன் ஓட்டுநர் தூக்கம் தாங்காமல், விளக்குகளையும் அணைத்துவிட்டுச் சாலையின் ஓரத்திலேயே நிறுத்தி உறங்கியிருந்தார். முன்பக்கம் படுத்திருந்ததால் அவருக்குக் காயமில்லை. அவரைத் திட்டுவது எளிது. நாங்களும் அன்று திட்டினோம். ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கனரக லாரியை எங்கே நிறுத்த முடியும் என்று எந்த ஓட்டுநரையாவது கேட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் விரட்டுவார்கள். தாபா வாசலில் இடம் இருக்காது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிறுத்தினால் டீசலும் டயரும் தார்ப்பாயும் களவு போகும். பயணத்தில் இரவு தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் பாதை பிற உயிரினங்களின் வழி என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். பாதையை விட்டு விலக இடம் தராமல் நூறு நூறு கிலோமீட்டருக்குச் சாலை போட்டிருக்கிறோம்.

வழக்கு ஓட்டுநர்மீது பதிவானது. கவனக்குறைவாக வாகனத்தை ஓட்டிக் காயம் விளைவித்ததாக. வழக்கறிஞர் எங்களிடம் கேட்ட முதல் தாளே எங்களைத் திகைக்க வைத்தது. "ஓட்டுநரோட வேலை நேரப் பதிவேடு வச்சிருக்கீங்களா?" என்றார். லாரி ஓட்டுநருக்கு வேலை நேரமா? எங்களில் ஒருவர் சிரித்தேவிட்டார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1961ஆம் ஆண்டிலிருந்தே இருப்பதை அன்றுதான் அறிந்தோம். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் பொது விதி. நெடுந்தொலைவுத் தடங்களில் உரிய அனுமதியோடு நீட்டினாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. இந்த ஏற்பாட்டை 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தன்னுள் சேர்த்துக்கொண்டது. எங்கள் ஓட்டுநர் திங்கள் மாலை முதல் புதன் அதிகாலை வரை, வழக்கறிஞர் கணக்கிட்டபடி, முப்பது மணி நேரத்துக்கு மேல் சக்கரத்தைப் பிடித்திருந்தார்.

அந்தச் சட்டம் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும் என்றும் அவர் சொன்னார். எங்களிடம் இரண்டு லாரி, நான்கு பேர். அதைக் கேட்டதும் எங்கள் மூவருக்கும் மூச்சு சற்று இலகுவானதை மறைக்க விரும்பவில்லை. தப்பித்தோம் என்ற எண்ணம் எவ்வளவு வேகமாக வந்தது! வழக்கறிஞர் அதையும் நிலைக்க விடவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91ஆவது பிரிவில் ஓட்டுநர்களின் வேலை நேரத்துக்கு அந்த 1961 சட்டத்தின் வரம்பைத்தான் காட்டுகிறது என்றார். தேசிய அனுமதி பெற்ற கனரக லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், இரண்டாமவர் கால் நீட்டிப் படுக்க இருக்கைக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும் என்றும் முன்பு விதி இருந்தது. 2018இல் அதைத் தளர்த்தினார்கள். அதற்கு முன்பும் எங்கள் வண்டியில் இரண்டாவது ஓட்டுநர் இருந்ததில்லை. சோதனையில் கேட்டால் கிளீனரைக் காட்டிச் சமாளிப்பதுதான் வழக்கம். அதைப் பொய் என்று நாங்கள் எண்ணியதில்லை. தொழில் என்று எண்ணினோம்.

இன்னொன்றையும் அவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவர்களின் நிலைக்குத் தடுமாறினவாம். 24 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு அது 0.10 சதவீதத்துக்குச் சமமாக இருந்ததாம். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் எல்லை 0.03 சதவீதம். மது வாடை வீசினால் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் நாங்கள், ஒரு துளி மதுவும் இல்லாமல் ஒரு மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுவந்து, பதினாறு டன் சுமையை அவர் கையில் கொடுத்து, சன்மானமும் அறிவித்திருந்தோம்.

அத்தா இதையெல்லாம் கேட்டுவிட்டு அதிகம் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எங்களைப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனார். கிளீனர் தம்பிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மார்க்க அடிப்படையில் கேட்பதாகத்தான் பேச்சு. உள்ளுக்குள் நாங்கள் எதிர்பார்த்தது வேறு. நீங்கள் குற்றவாளிகள் அல்ல என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டும்.

ஹஜ்ரத் முழுவதையும் கேட்டார். ஃபிக்ஹில் நேரடியாகச் செய்தவர், காரணமாக இருந்தவர் என்ற பிரிவு உண்டென்றும், இருவரும் இருக்கும் இடத்தில் பொறுப்பு பொதுவாக முதலாமவரிடமே போகும் என்றும் சொன்னார். எங்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்க வேண்டும். "அவர் தூங்காமத்தான் ஓட்டிட்டு வர்றார்ங்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஹஜ்ரத்."

"தெரிஞ்சுதான் போன் பண்ணினீங்களா?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. "அப்ப அது ஃபிக்ஹு கேள்வி மட்டும் இல்லையே" என்றார்.

பிறகு அவர் சொன்னவற்றை எங்களால் இயன்றவரை இங்கே எழுதுகிறோம். போதையில் இருப்பவர், தான் சொல்வது இன்னதென்று உணரும் வரை தொழுகையை நெருங்க வேண்டாம் என்கிறது குர்ஆன். தொழுகையில் தூக்கக் கலக்கம் வந்தால் அது நீங்கும் வரை உறங்கிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க நினைத்து, கலக்கத்தில் தன்னையே சபித்துக்கொள்ளக் கூடும் என்பது அதற்கான காரணம். போதைக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் ஒரே அளவுகோல்: தான் செய்வது தனக்குத் தெரிகிறதா. அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்பதையே நிறுத்திவிட்டு உறங்கு என்று சொன்ன மார்க்கத்தில், வெங்காயம் எந்த மூலை என்று கேட்டார்.

நாங்கள் அன்றுவரை அறியாத மற்றொன்றையும் சொன்னார். பயணியின் தொழுகையைச் சுருக்குவதற்கு ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணத் தூரம் கணக்கு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த ஒரு நாள் என்பது இருபத்துநான்கு மணி நேரம் அல்ல. காலையிலிருந்து நண்பகல் சாயும் வரை நடந்தால் ஒரு நாள் பயணம் முடிந்தது. மீதிப் பொழுது மனிதருக்கும் அவரைச் சுமக்கும் பிராணிக்கும் ஓய்வு. தூரத்தை அளக்கும்போதே ஓய்வையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஃபகீஹ்கள் ஒட்டகத்துக்குக் கொடுத்த பொழுதை நாங்கள் ஒன்பது ஆண்டுகள் உடன் இருந்த மனிதருக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் அக்கா மகன் லித்துவேனியாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்காக ஐரோப்பாவில் லாரி ஓட்டுகிறான். விபத்தைக் கேள்விப்பட்டு அழைத்தபோது அவன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். வண்டியில் டேக்கோகிராஃப் என்ற கருவி. ஓட்டுநர் தன் அட்டையைச் செருகினால் நகரும் நேரம், நிற்கும் நேரம் எல்லாம் பதிவாகும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நின்றாக வேண்டும். நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. "மாமு, முதலாளியே போன் பண்ணினாலும் வண்டி நகராது. சாலையில புடிச்சு கார்டைப் பார்த்தா கம்பெனிக்கும் ஃபைன்" என்றான். அக்கா அதைக் கேட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். நாங்களும் சொன்னோம். சொன்ன பிறகுதான், எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பதற்காக நாங்கள் நன்றி சொல்லும் அந்தப் பாதுகாப்பை, நாமக்கல் பக்கத்தில் இன்னொரு தாயின் பிள்ளைக்கு நாங்கள்தான் மறுத்தோம் என்பது உறைத்தது.

காப்பீட்டின் வழியாகக் கிளீனர் தம்பிக்கு இழப்பீடு வந்தது. நாங்களும் எங்கள் பங்குக்குக் கொடுத்தோம். எவ்வளவு என்று எழுதுவது முறையல்ல. இப்போது அவர் செயற்கைக் காலோடு எங்கள் மண்டியில் எடைக்கணக்கு எழுதுகிறார். வாசலில் மூன்று படிகள் இருந்தன. மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். ஆறு மாதம் அப்படி ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஒரு சரிவு கட்டத் தோன்றியது எங்களுக்கு. ஓட்டுநரின் வழக்கு சில ஆண்டுகள் நடந்து அபராதத்தோடு முடிந்தது. அதை நாங்கள் கட்டினோம். தீர்ப்பில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது.

இப்போது எங்கள் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் போகிறார்கள். சொல்வதற்கு எளிது. இரண்டாவது ஓட்டுநர் கிடைப்பதே அரிது. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள். சம்பளமும் பேட்டாவும் சேர்த்து நடைக்கு ஐயாயிரம் ரூபாய் கூடுதல். இருவர் இருந்தாலும் இரவு ஒரு மணி முதல் ஐந்து வரை வண்டி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தோம். காசு கொடுத்தாவது காவலுள்ள இடத்தில் நிறுத்தச் சொன்னோம். நடைக்கு இவ்வளவு என்பதை மாற்றி மாதச் சம்பளம் ஆக்கினோம். ஒரு நோட்டில் ஓட்டும் நேரத்தை எழுதச் சொன்னோம். முதல் மாதங்களில் எங்களை மகிழ்விக்க எல்லா நாளும் எட்டு மணி நேரம் என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள்! சுங்கச்சாவடிச் சீட்டின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, திட்ட மாட்டோம் என்று அவர்களை நம்ப வைக்க ஓராண்டு ஆயிற்று. சரக்கு ஒரு நாள் பிந்தி வருவதால் வாடிக்கையாளர் இருவர் வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். பரக்கத் கூடிற்று என்று எழுதினால் வாசகர்களுக்கு இனிமையாக இருக்கும். வருமானம் குறைந்தது. அதுதான் நடந்தது.

2025 அக்டோபர் முதல் தயாராகும் புதிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். நல்லதுதான். எங்கள் வண்டிகள் பழையவை; அவற்றுக்கு அது வராது. குளிரூட்டிய அறையில் முப்பது மணி நேரம் ஓட்டச் சொல்லும் முதலாளிகளும் இருப்பார்கள் என்பதை, அவர்களில் ஒருவராக இருந்த அனுபவத்தில் சொல்கிறோம்.

நாங்கள் முழுவதும் மாறிவிட்டோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டு ரமலான். பெருநாளுக்கு நான்கு நாள் இருந்தது. ஹூப்ளியிலிருந்து வெங்காயம் வந்துகொண்டிருந்தது. பிரியாணிக் கடைக்காரர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்று வண்டியில் போனவர்கள், காயம் ஆறி மீண்டும் வேலைக்கு வந்த அதே அண்ணனும், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரும். தராவீஹ் முடித்து வந்து படுத்தும் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் கிருஷ்ணகிரிக்கு அருகில் வண்டியின் புள்ளி அசையாமல் நின்றது. மணி ஒன்றரை. இப்போது கிளம்பினால் காலையில் வந்துவிடும். கை தானாகவே செல்பேசியை எடுத்து அழைத்துவிட்டது. ஓட்டுநர் அண்ணனின் எண்தான். எடுத்தவர் அந்த இளைஞர்.

"முதலாளி, அண்ணன் தூங்குறாரு. எழுப்பட்டுமா?" என்றார் தாழ்ந்த குரலில்.

வேண்டாம் என்றோம். நீங்களும் படுங்கள் தம்பி என்றோம். அவர் அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார் போலும். சிறிது நேரம் அந்தப் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலையில் வண்டிகள் போகும் இரைச்சலும், அதற்கு நடுவே ஒரு குறட்டையும் கேட்டுக்கொண்டிருந்தது.